செயற்கை நுண்ணறிவு அரசு மேசைக்கு வரும்போது: தேடச் சொல்கிறோமா, மறுக்கச் சொல்கிறோமா?

சிரஸ்தார் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். வருவாய்த் துறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். செயற்கை நுண்ணறிவைத் தொழில்களிலும் அரசுப் பணிகளிலும் புகுத்துவது பற்றி இங்கே நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் வேலை போகுமா, போகாதா என்பதையே சுற்றிவருகின்றன. எனக்குள்ள கவலை வேறு. அதைச் சொல்வதற்கு ஒரு பழைய திட்டத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பணி நடந்தது. மக்கள் இன்றும் அதை யு.டி.ஆர். என்றே சொல்கிறார்கள். ஊர் ஊராகப் போய் எழுதிய அந்தப் பதிவேடுகளில் தந்தை பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, அண்ணன் பங்கு தம்பி பட்டாவில் ஏறியது எனப் பல பிழைகள் புகுந்தன. பின்னர் பதிவேடுகள் கணினிக்குப் போனபோது பிழைகளும் கூடவே போயின. காகிதத்தில் இருந்தவரை "எழுத்தர் செய்த தவறு" என்று ஒப்புக்கொண்டவர்கள், அச்சிட்ட சிட்டாவைப் பார்த்ததும் "கணினியில் இப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லத் தொடங்கினார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தும் யு.டி.ஆர். பிழையைத் திருத்தக் கோரும் மனுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

அந்தக் கணினி, எழுதியதை எழுதியபடி காட்டியது. இப்போது வருவது, எழுதியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத் தானே முடிவு சொல்லும் கணினி. அதன் இரண்டு முகங்களைக் காட்ட இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கோவை மதுக்கரை. எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையிலான ரயில் பாதைகளில் 2008 முதல் 11 யானைகள் அடிபட்டு இறந்திருந்தன. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் மாண்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 பிப்ரவரியில் வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களை நட்டு, அவற்றில் வெப்பத்தை உணரும் கேமராக்களைப் பொருத்தியது. யானை பாதையை நெருங்கினால் மென்பொருள் அதை அடையாளம் கண்டு வனப் பணியாளருக்கும் ரயில்வேக்கும் செய்தி அனுப்புகிறது. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். யானைகள் கடந்துபோக ரயில்வே அமைத்த இரண்டு சுரங்க வழிகளும் இதற்குத் துணை. இங்கே மென்பொருள் ஒரு காட்டுமாட்டை யானை என்று தவறாகச் சொன்னால் என்ன நட்டம்? ரயில் சில நிமிடங்கள் தாமதமாகும்.

இரண்டாவது, தெலங்கானா. அங்கே 'சமக்ர வேதிகா' என்னும் அமைப்பு வாகனப் பதிவு, சொத்து, மின் இணைப்பு போன்ற பல துறைகளின் தரவுகளை ஒரே ஆளின் பெயரில் இணைத்து, இவர் நலத்திட்டத்துக்குத் தகுதியானவரா என்று சொன்னது. 2014க்கும் 2019க்கும் இடையில் அந்த மாநிலத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பாதுகாப்பு அட்டைகள் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டன. ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரின் பெயர், கார் வைத்திருந்த வேறொருவரின் பெயரோடு ஒத்துப்போனதால், அவர் மனைவிக்கு அட்டை மறுக்கப்பட்ட செய்தி பின்னாளில் வெளிவந்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சென்று சரிபார்க்குமாறு உத்தரவிட வேண்டியிருந்தது.

இரண்டு இடங்களிலும் இயந்திரம் தவறு செய்யக்கூடியதுதான். ஒரு தவறை ரயில் அட்டவணை தாங்கிக்கொள்கிறது, இன்னொன்றை ஒரு வீட்டின் அரிசிப் பானை தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு இது: தேடித் தருவதற்கு, முன்கூட்டி எச்சரிப்பதற்கு, விடுபட்டவரைக் கண்டுபிடிப்பதற்கு இயந்திரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு உரியதை இல்லை என்று சொல்லும் இடத்தில் மட்டும், பெயரும் பதவியும் உள்ள ஓர் அலுவலர் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


மூன்று பைட்டு:

ஐயா, பெயர் பொருத்துவதைப் பற்றி மட்டும் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் என் தொழிலே அதுதான். இரண்டு பட்டியல்களில் உள்ள பெயர்கள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்பதை மென்பொருள் உறுதியாக அறிவதில்லை. "இவ்வளவு ஒத்திருக்கிறது" என்று ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் எவ்வளவுக்கு மேல் போனால் ஒரே ஆள் என்று கொள்வது என்பதை மனிதர் ஒருவர் முன்பே முடிவுசெய்து வைத்திருப்பார். அந்த எல்லைக் கோட்டைத் தாழ்த்தினால் கார்க்காரரும் ரிக்‌ஷாக்காரரும் ஒருவராகிவிடுவர். உயர்த்தினால் உண்மையாகவே ஏமாற்றுபவர்கள் தப்பிப்பார்கள். கோட்டை எங்கே போடுவது என்பது கொள்கை முடிவு. ஆனால் எனக்குத் தெரிந்தவரை அது சட்டமன்றத்துக்கோ அரசாணைக்கோ போவதில்லை, ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் நிரலாளர் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எந்த அதிகாரியும் எண் சொன்னதில்லை. "நியாயமாக வையுங்கள்" என்றார்கள்.

தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே அடையாளம். மு. செல்வராஜ் என்பவரின் முதலெழுத்து ஓர் அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் முழுத் தந்தை பெயராக விரிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வோர் எழுத்தைப் போடும். ஒரே ஊராட்சியில் ஒரே முதலெழுத்தோடு நான்கு செல்வராஜ்கள் இருப்பது அரிதன்று. இத்தகைய தரவை வைத்துக்கொண்டு ஒருவரின் அரிசியை நிறுத்தும் முடிவை எடுக்கலாம் என்று எந்த நேர்மையான பொறியாளரும் சொல்ல மாட்டார்.


வரிசையில் நின்றவன்:

இரண்டு பதிவுகளையும் படித்தேன். மரியாதையோடு மறுக்கிறேன்.

கையொப்பமிடும் அலுவலர் என்று ஐயா எழுதும்போது அவர் மனத்தில் வருபவர் அவரைப் போன்ற ஒருவர். என் மனத்தில் வருபவர் வேறு. என் தாயாருக்கு முதியோர் உதவித்தொகை பெறுவதற்காக நான் பதினொரு மாதங்கள் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் மேசைக்குப் பின்னால் பெயரும் பதவியும் உள்ள மனிதர்தான் இருந்தார். முதலில் கிராமத்தில் கேட்டு வரச் சொன்னார்கள், பிறகு கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள், பிறகு கோப்பைக் காணவில்லை என்றார்கள். கடைசியில் என்ன வேண்டும் என்று வெளியில் நின்ற ஒருவர் என்னிடம் சொன்னார், கொடுத்தேன், ஒன்பது நாளில் ஆணை வந்தது. இயந்திரம் என்னிடம் பணம் கேட்காது. என் சட்டையைப் பார்த்து என் சாதியைக் கணிக்காது. "நாளைக்கு வா" என்று சொல்லாது. மனிதக் கையொப்பம் ஏழைக்குப் பாதுகாப்பு என்பதை, வரிசையில் நின்றிராதவர்களால்தான் அவ்வளவு எளிதாக எழுத முடியும்.


சிரஸ்தார்:

தம்பி, நீங்கள் சொல்வதில் மறுக்க எதுவும் இல்லை. உங்களை அலைய வைத்தவர்கள் ஓர் இடத்திலும் "இந்தக் காரணத்தால் மறுக்கிறேன்" என்று எழுதித் தந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால் நீங்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டுக்குப் போயிருப்பீர்கள், அதனால்தான் எழுதவில்லை. எழுதாத மறுப்புதான் லஞ்சத்தின் விளைநிலம். இயந்திரமும் எழுதாமலே மறுக்கிறது என்பதுதான் என் அச்சம். ஆனால் என் முதல் பதிவில் அலுவலரின் நல்லெண்ணத்தை நம்புவதுபோன்ற தொனி வந்துவிட்டது, அதைத் திருத்திக்கொள்கிறேன்.


மூன்றாம் படுக்கை:

காசநோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் நான். இந்த இழையில் தேடித் தரும் இயந்திரம் நல்லது, மறுக்கும் இயந்திரம் கெட்டது என்று பிரித்துப் பேசுகிறீர்கள். தேடித் தருவதும் அவ்வளவு எளிதாக முடிந்துவிடுவதில்லை என்பதை என் வேலையிலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடைபெறுகிறது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் நோய் கண்டறிந்த முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள் என்பதால், நோய் உறுதியான நாளிலேயே யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்தறிவதுதான் திட்டத்தின் அடிப்படை. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, யாரையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்ற ஐந்தையும் பார்க்கிறோம். கடுமையான நிலை என்று தெரிந்தால் உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் இதைத் தாளில் செய்தோம். 2025இல் இதே ஐந்து அளவுகளை உள்ளிட்டால் அந்த நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று கணித்துச் சொல்லும் வசதி வந்தது. தமிழ்நாட்டின் ஏறக்குறைய 56 ஆயிரம் நோயாளிகளின் விவரங்களிலிருந்து சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் உருவாக்கிய கணிப்பு அது. கடுமையான நிலையில் இருப்பவர்களில் சிலருக்கு அந்த எண் 50 வரை போகும். மற்றவர்களுக்கு 1 முதல் 4க்குள் இருக்கும்.

எண் வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். கட்டுமான வேலை செய்யும் ஒருவருக்கு 40 என்று வந்தது. சேர வேண்டும் என்றேன், மறுத்தார். நூறில் நாற்பது என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ மீதி அறுபது பொழைக்கிற பக்கம்தானே இருக்கும்மா?" என்று கேட்டார். வீட்டில் இரண்டு ஆடுகள் இருந்தன. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எந்த மென்பொருளும் அந்த ஆடுகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவருடைய தங்கையைக் கைப்பேசியில் அழைத்துப் பேசி, ஆடுகளுக்கு ஏற்பாடு செய்த பிறகே அவர் படுக்கைக்கு வந்தார். அந்த உரையாடலுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இல்லை.

இதற்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டும் உண்டு. நீரிழிவால் விழித்திரை கெடுவதைக் கண்டறியும் கூகுளின் மென்பொருள், நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களின் படங்களைக் கொண்டு வளர்ந்தது. 2016இல் அதன் ஆய்வு வெளிவந்தபோது கண் மருத்துவர்களுக்கு நிகராகக் கணிக்கிறது என்று பாராட்டினார்கள். பிறகு தாய்லாந்தில் 11 சிற்றூர், சிறுநகர் மருத்துவ நிலையங்களில் அதை வைத்துப் பார்த்தார்கள். எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டை மென்பொருள் தெளிவில்லை என்று ஏற்க மறுத்தது. இருட்டறை இல்லை, இணையம் மெதுவாக வந்தது, படம் ஏற்கப்படாதவர்கள் வேறொரு நாள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. 2020இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது, எங்கள் நிலையத்து ஜன்னலுக்குத் திரை இல்லாததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் துல்லியமாக இருப்பதும், ஜன்னலுக்குத் திரை இல்லாத அறையில் துல்லியமாக இருப்பதும் வேறு வேறு.

சிரஸ்தார் ஐயா மறுப்புக்குக் கையொப்பம் கேட்கிறார். நான் கண்டுபிடிப்புக்கும் கையொப்பம் கேட்கிறேன். இவருக்கு ஆபத்து என்று இயந்திரம் சொன்ன பிறகு, எத்தனை மணி நேரத்துக்குள் யார் அவரைப் படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் பெயரோடு எழுதப்பட வேண்டும்.


செக்கிங் மேசை:

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அரசுப் பணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். தொழிலைப் பற்றியும் ஒரு சொல்.

துணியில் பழுது பார்ப்பதற்கு நான்கு புள்ளி முறை என்று ஒன்று உண்டு. மூன்று அங்குலம் வரையிலான பழுதுக்கு ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. நூறு சதுர கஜத்துக்கு நாற்பது புள்ளியைத் தாண்டினால் பெரும்பாலான வாங்குபவர்கள் அந்த ரோலை ஏற்க மாட்டார்கள். நிட்டிங் இயந்திரத்திலேயே கேமராவைப் பொருத்தி, ஓட்டை விழுந்தாலோ ஊசிக் கோடு வந்தாலோ இயந்திரத்தை அந்த நொடியே நிறுத்தும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஊசி ஒன்று உடைந்து முழு ரோலும் கோடு விழுந்து வந்தால், அதைச் சாயமிட்டு, வெட்டி, தைத்து, கடைசியில் எங்கள் மேசையில் கண்டுபிடிப்பதால் யாருக்கும் பயனில்லை. தைத்து முடித்த ஆடையில் கேமரா அவ்வளவு நன்றாகப் பார்ப்பதில்லை. துணி மடியும், தையல் மேட்டின் நிழல் விழும். அந்த நிழலை அது பழுது என்னும். கழுத்துப் பட்டை சற்றே இழுத்திருப்பதைக் கை உணர்வதுபோல் அது உணர்வதில்லை.

எனக்கு நடந்தது இது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் துணியைப் பார்க்க வைத்த கேமரா சில மாதங்களில் எங்களைப் பார்க்கத் தொடங்கியது. ஒரு மணிக்கு எத்தனை பீஸ், கை எத்தனை முறை நின்றது, யார் எழுந்து போனார் என்றெல்லாம் திரையில் வந்தது. வாரக் கடைசியில் கூலியில் பிடித்தம் வந்தபோது சூப்பர்வைசரிடம் கேட்டோம். முன்பெல்லாம் அவரோடு சண்டையாவது போடலாம். அன்று அவரும் "சிஸ்டம் காட்டுதும்மா" என்று கையை விரித்தார். சிரஸ்தார் ஐயா எழுதியிருக்கும் "கணினியில் இப்படித்தான் இருக்கிறது" என்ற வாக்கியத்தைப் படித்ததும் அந்தக் கை விரிப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது.


கடைமடைக்காரன்:

டெல்டாவின் கடைமடையில் ஐந்து ஏக்கர் நெல் சாகுபடி செய்பவன் நான். வேளாண்மைக்குச் செயற்கை நுண்ணறிவு என்றாலே எல்லோரும் பூச்சியைப் படம் எடுத்து அனுப்புவதைத்தான் சொல்கிறார்கள். 2018இல் வந்த உழவன் செயலியிலும் அந்த வசதி பின்னர் சேர்ந்தது. இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் அது உதவலாம், ஏனென்றால் அவை இலையில் கண்ணுக்குத் தெரிபவை. எங்களை அழிப்பது புகையான் பூச்சி. அது இலையில் இருப்பதில்லை. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். குனிந்து பயிரை விலக்கித் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். மேலிருந்து ட்ரோன் படம் பிடித்துக் காட்டும்போது வயலின் நடுவே பயிர் வட்டமாகத் தீய்ந்திருக்கும். அப்போது தெரிந்து ஆவது ஒன்றுமில்லை. எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டு நடுவதும், யூரியாவை அள்ளிக் கொட்டாமல் இருப்பதும், தண்ணீரை வடித்துக் காயவிடுவதும் தெரிந்தவனுக்குப் படம் வேண்டாம். தெரியாதவனுக்குப் படம் மட்டும் போதாது.

ஆனாலும் இந்தத் தொழில்நுட்பம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்தில் சுமார் 7,000 மிளகாய் உழவர்களோடு நடத்திய 'சாகு பாகு' முயற்சியில் ஏக்கர் மகசூல் 21 விழுக்காடு கூடியதாகவும் பூச்சிக்கொல்லிப் பயன்பாடு 9 விழுக்காடு குறைந்ததாகவும் அதை நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதில் என்னைக் கவர்ந்தது, பூச்சியோடு நின்றுவிடாமல் காய்ந்த மிளகாயின் தரத்தைக் கருவியால் அளந்து விலை பேசவும் உதவினார்கள் என்பதுதான். உழவன் தோற்பது பெரும்பாலும் வயலில் இல்லை, விற்கும் இடத்தில்.

எங்கள் ஊரில் அந்த இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் 22 வரை தளர்த்துமாறு மாநிலம் மத்திய அரசுக்கு எழுதுவதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போவதும் வழக்கமாகிவிட்டன. ஆணை வரும்போது நெல் முளைவிட்டிருக்கும். போன பட்டத்தில் ஒரு நிலையத்தில் என் நெல்லுக்கு 18.5 என்று கருவி காட்டியது. பக்கத்து நிலையத்தில் அதே மூட்டைக்கு 16.8. முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பியதற்கு எழுத்து ஒன்றுமில்லை. கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று கேட்டதற்கும் பதில் இல்லை. ஆகவே மறுக்கும் இயந்திரம் இனிமேல்தான் வரப்போகிறது என்று பேசாதீர்கள். எங்களுக்கு அது வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கைக்கு அடக்கமாக இருக்கிறது, அதைச் செயற்கை நுண்ணறிவு என்று யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி: இந்தச் செயலிகளிடம் நான் என் பேச்சில் கேட்டால் ஏன் புரிந்துகொள்வதில்லை?


மூன்று பைட்டு:

கடைமடையாரின் கடைசிக் கேள்விக்கு என் புனைபெயரிலேயே பாதி விடை இருக்கிறது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அது ஐந்து குறிகள்: மகரத்துக்கு ஓர் இகரக் கொம்பு, ழகரத்துக்கு ஒரு புள்ளி தனித்தனியே சேரும். இணையத்தில் வழங்கும் குறியேற்றத்தில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு (கணினி நினைவகத்தின் அலகு). ஆக, ஒரு சொல்லுக்குப் பதினைந்து. அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து பைட்டில் முடிந்துவிடும். இத்தகைய செயலிகளின் பின்னால் இயங்கும் மொழி மாதிரிகள் உரையைத் துண்டு துண்டாக உடைத்துப் படிக்கின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணமும் வாங்குகின்றன. 2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் புதிய துண்டாக்கியை அறிமுகம் செய்தபோது தந்த எடுத்துக்காட்டில், ஒரே வாசகத்துக்குத் தமிழில் முன்பு 116 துண்டுகள் ஆயின, புதியதில் 35. ஆங்கிலத்தில் அது 27இலிருந்து 24 ஆனது. அதாவது அதுவரை நாம் ஒரே பேச்சுக்கு ஆங்கிலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தோம். இடைவெளி குறைந்திருக்கிறது, மறையவில்லை.

மற்ற பாதி, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு. மென்பொருள் கற்றுக்கொள்ள இணையத்தில் கிடைக்கும் தமிழ், செய்தித்தாள் தமிழ். "தண்ணீர் வடிந்துவிட்டது" என்றால் அதற்குப் புரியும். "தண்ணி வடிஞ்சிட்டு" என்று நாகையிலோ "வடிஞ்சு போச்சுங்" என்று கொங்கிலோ சொன்னால் தடுமாறும். மத்திய அரசு 2022இல் தொடங்கிய 'பாஷினி' மொழிபெயர்ப்புத் திட்டமும் சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழுவும் பல மாவட்டங்களின் பேச்சைத் திரட்டிவருகின்றன. மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ஒப்புதல் தந்த 10,372 கோடி ரூபாய்ச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தில் பெரும் பங்கு கணிப்பொறித் திறனுக்குப் போகிறது. அதில் ஒரு சிறு பங்கு கடைமடையிலும் தேயிலை மலையிலும் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்பவர்களுக்குக் கூலியாகப் போனால் எனக்கு மகிழ்ச்சி.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மானியமும் நலத்திட்டமும் வழங்குவதற்காக அரசு தன்னிடம் ஏற்கெனவே உள்ள தரவைப் புதிய ஒப்புதல் பெறாமல் பயன்படுத்த இடமளிக்கிறது. தெலங்கானாவில் நடந்ததுபோல் தரவுகளை இணைப்பதை அந்தச் சட்டம் தடுத்துவிடும் என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.


வரிசையில் நின்றவன்:

கடைமடையாரின் ஈரப்பதக் கருவி என் வாதத்தை ஓரளவு உடைத்துவிட்டது. கருவி பணம் கேட்காதுதான். கருவியை வைத்திருப்பவர் கேட்பாரோ என்னவோ. ஆனாலும் பழைய மேசைக்குத் திரும்பிப்போக எனக்கு விருப்பமில்லை. சிரஸ்தார் ஐயாவிடம் நேராக ஒன்று கேட்கிறேன். இயந்திரம் ஒருவரைத் தகுதியற்றவர் என்று குறித்துவிட்டது. நீங்கள் சொல்லும் அலுவலர் நேரில் போய் விசாரித்துக் காரணம் எழுத மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார். அந்த மூன்று மாதமும் அந்த வீட்டுக்கு அரிசி உண்டா, இல்லையா?


சிரஸ்தார்:

உண்டு. விசாரணை முடிந்து ஆணை கையில் கிடைக்கும் வரை அரிசி நிற்கக் கூடாது. இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். தெலங்கானாவில் முதலில் நிறுத்தினார்கள், பிறகு மறுவிசாரணைக்கு மனுக் கேட்டார்கள். 2022 ஜூலைக்குள் மறுபரிசீலனை செய்த சுமார் 2,05,000 மனுக்களில் 15,471 பேர் தகுதியுள்ளவர்கள் என்று தெரியவந்தது. நூற்றுக்கு ஏழுக்கும் மேல். அத்தனை குடும்பங்களும் இடைப்பட்ட ஆண்டுகளில் கடைவிலைக்கு அரிசி வாங்கியிருக்கும். ஏமாற்றுபவர் ஒருவருக்கு மூன்று மாத அரிசி கூடுதலாகப் போவதால் கருவூலம் காலியாகிவிடாது.

இவ்வளவு பேசியதில் என் பழைய தொழில் புத்தி விழித்துக்கொண்டது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(ஈ), தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொது அதிகார அமைப்பு தெரிவிக்க வேண்டும் என்கிறது. "கணினி காட்டுகிறது" என்பது அந்தப் பிரிவின்படி காரணமாகாது என்பது என் கருத்து. மேலும் தமிழ்நாடு அரசு 2020இல் பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. மக்கள் பயன்பாட்டுக்கு வரும் அமைப்புகளைப் பன்மை, சமநீதி, அறம், தனியுரிமை, தவறான பயன்பாட்டுக்குத் தடுப்பு, தணிக்கை, வெவ்வேறு ஊர்களிலும் சமூகங்களிலும் ஒரேபோல் இயங்குதல் ஆகியவற்றின்படி அளந்து மதிப்பெண் தரும் 'டீப்-மேக்ஸ்' அட்டை அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. நிரப்பிய அட்டை ஒன்றை இதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே கேட்டுப் பெறலாம் என்று ஒரு மனுவை வரைந்திருக்கிறேன். ஒவ்வொருவரும் தத்தம் துறைக்கு ஏற்ப மாற்றி அனுப்பலாம்.

ஒன்று: தங்கள் துறையில் பயனாளிகளைத் தெரிவுசெய்ய, நீக்க, தரம் பிரிக்கப் பயன்படும் தானியங்கி மென்பொருள்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்குமான 2020 கொள்கையின்படியான மதிப்பெண் அட்டையின் நகலும் வேண்டும்.

இரண்டு: அம்மென்பொருள் ஒருவரைத் தகுதியற்றவர் என்று குறிப்பதற்கான எல்லை அளவு எது, அதை நிர்ணயித்த அலுவலரின் பதவி எது, எந்தக் கோப்பில் நிர்ணயித்தார்?

மூன்று: கடந்த ஓராண்டில் அவ்வாறு குறிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் காரணம் எழுதிய ஆணை பெற்றவர்கள் எத்தனை பேர், மேல்முறையீட்டில் மீண்டவர்கள் எத்தனை பேர்?


மூன்றாம் படுக்கை:

நான்காவதாக ஒன்றைச் சேருங்கள் ஐயா. இயந்திரம் ஒருவருக்கு உதவி தேவை என்று குறித்த நேரத்துக்கும், உதவி அவரைச் சென்றடைந்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? சராசரியாகக் கேட்காதீர்கள். சராசரியில் என் கட்டுமானத் தொழிலாளி காணாமல் போய்விடுவார். மிக அதிகமாகத் தாமதமான பத்து பேருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.


செக்கிங் மேசை:

கம்பெனிகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் செல்லாது என்பது எனக்குத் தெரியும். தொழிற்சாலைகள் ஆய்வாளரின் அலுவலகத்துக்கு அனுப்பினால் என்ன? கூலிப் பிடித்தத்தைக் கேமரா முடிவுசெய்யலாமா என்று அங்கே யாராவது எழுதித் தரட்டும்.


சிரஸ்தார்:

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. ஆனால் "செய்யலாமா" என்று கேட்டால் அது கருத்துக் கேட்பது என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். "இது குறித்துத் தங்கள் அலுவலகம் பிறப்பித்துள்ள சுற்றறிக்கையின் நகல் தருக" என்று எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுத்தில் தர வேண்டியிருக்கும். தொழிற்சங்கத்துக்கு அந்தத் தாள் உதவும்.


வரிசையில் நின்றவன்:

நான் கூட்டுறவு, உணவுத் துறைக்கு அனுப்புகிறேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவு அஞ்சலில், ஒப்புகை அட்டையோடு. கடைமடையார் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதக் கருவிகள் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதிகளைக் கேட்டு எழுதட்டும். முப்பது நாள் கழித்து, பதில் வந்தாலும் வராவிட்டாலும் இதே இழையில் பதிவிடுகிறேன்.